நானோதுகளுக்குப் பாலிமர் உறை: காந்தச் சூடா, ஆயில் பாத்தா, லேசரா?

இரும்பு ஆக்சைடு நானோதுகள்கள் மேல் பாலிமர் உறை ஏற்ற வேண்டும், அதே குடுவையில் கிடக்கும் வேறு எதன் மேலும் அது ஒட்டக்கூடாது என்று ஒரு வேலை வந்தால், இப்போதெல்லாம் பலரும் முதலில் யோசிப்பது காந்தச் சூட்டைத்தான். யோசனை அழகானது. குடுவையைச் சுற்றி ஒரு செப்புச் சுருள், அதில் சில நூறு கிலோஹெர்ட்ஸ் மாற்று மின்னோட்டம். உள்ளே இருக்கும் காந்தத் துகள் மட்டும் சூடாகும், அதன் மேற்பரப்பில் மட்டும் பாலிமர் வளரும், பக்கத்தில் மிதக்கும் சிலிக்காவும் புரதமும் குளிர்ந்தே இருக்கும். கேட்டவுடன் கருவி வாங்க மனு எழுதத் தோன்றும். ஆனால் அந்தக் கருவி பல லட்சம் ரூபாய், அதோடு குளிர்நீர் வசதி வேண்டும், வெப்பநிலை அளக்கத் தனி ஏற்பாடு வேண்டும். அதனால் மற்ற வழிகளோடு வைத்துப் பார்த்து முடிவெடுப்பதே நல்லது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பத்தில் எட்டு ஒன்பது வேலைகளுக்குக் காந்தச் சூடு தேவையில்லை, மிச்சமுள்ள சிலவற்றுக்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை.

முதலில் தேவையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டு வெவ்வேறு தேவைகளைப் பலர் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். ஒன்று, பாலிமர் துகளின் மேல் மட்டும் வளர வேண்டும், கரைப்பானுக்குள் தனியாக உருவாகி வீணாகக்கூடாது என்பது. இன்னொன்று, குடுவையில் பலவகைத் துகள்கள் இருக்கும்போது காந்தத் துகள் மட்டும் உறை பெற வேண்டும் என்பது. முதல் தேவைக்குச் சூடு எங்கிருந்து வருகிறது என்பது முக்கியமே இல்லை. வினையைத் தொடங்கும் மூலக்கூறு துகளோடு பிணைந்திருக்கிறதா என்பதே முக்கியம். இரண்டாவது தேவை வரும்போதுதான் காந்தம் பேச்சுக்கே வருகிறது.

முதல் தேவைதான் உங்களுடையது என்றால் சாதாரண ஆயில் பாத் (குடுவையைச் சூடான எண்ணெய்த் தொட்டியில் வைப்பது) போதும், தைரியமாக அதோடு போங்கள். பாலிமர் சங்கிலியைக் கட்டுப்பாட்டோடு வளர்க்க ஏடிஆர்பி, ராஃப்ட் என்று இரண்டு முறைகள் உண்டு. துகளின் மேற்பரப்பில் ஏடிஆர்பி தொடக்கியையோ (வினையைத் தொடங்கும் மூலக்கூறு) ராஃப்ட் காரணியையோ (சங்கிலி வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மூலக்கூறு) பிணைத்துவிட்டு, ஆக்சிஜனை வெளியேற்றிவிட்டு, மோனோமரோடு (பாலிமர் கட்டப்படும் சிறு மூலக்கூறு) சூடாக்கினால் சங்கிலிகள் மேற்பரப்பிலிருந்தே வளரும். ஏடிஆர்பி 1995-இல் வந்தது, ராஃப்ட் 1998-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. இரண்டும் நன்றாகப் பழகிய முறைகள், உறையின் தடிமனை நேரத்தை வைத்தே ஓரளவு கட்டுப்படுத்தலாம். ஏடிஆர்பி-யில் வினையூக்கியாகப் போடும் செம்பைக் கடைசியில் கழுவி நீக்குவது தொல்லை, குறிப்பாக உயிரியல் பயன்பாட்டுக்கு. ராஃப்டில் கொஞ்சம் பாலிமர் கரைப்பானிலும் உருவாகத்தான் செய்யும், சென்ட்ரிஃப்யூஜில் நாலைந்து முறை சுற்றிக் கழுவினால் போய்விடும். வளர்க்கவே வேண்டாம், ஏற்கெனவே செய்த பாலிமரைச் சுற்றிவிட்டால் போதும் என்றால் இன்னும் எளிது: எண்ணெய் விரும்பும் வாலும் நீர் விரும்பும் பக்கமும் உள்ள பாலிமரைக் கொண்டு துகளைப் போர்த்தி நீருக்குள் கொண்டுவருவது ஆய்வகங்களில் அன்றாட வேலை.

பாலிடோபமைனை இங்கேயே சொல்லி முடித்துவிடலாம். 2007-இல் அறிவியல் உலகில் பெரிய பரபரப்பை உண்டாக்கிய முறை அது. டோபமைனைப் பிஎச் 8.5 அளவில் காற்றுப் படக் கலக்கினால் போதும், எந்தப் பொருளின் மேலும் படிந்துவிடும். அதன் பலமே இங்கே பலவீனம்: துகளில் படியும், சிலிக்காவில் படியும், குடுவைச் சுவரிலும் படியும். தேர்ந்தெடுத்துப் பூச வேண்டும் என்றால் இதைத் தொடவே வேண்டாம். மைக்ரோவேவும் அப்படித்தான். 2.45 கிகாஹெர்ட்ஸில் நீரும் மற்ற முனைவுக் கரைப்பான்களும் தாங்களே நன்றாகச் சூடாகிவிடும், துகளுக்கென்று தனிச் சலுகை எதுவும் பெரிதாகக் கிடைக்காது.

ஒளி நல்ல வழி, ஆனால் இரும்பு ஆக்சைடுக்கு அல்ல. புற ஊதாவையும் நீலத்தையும் அது அப்படியே விழுங்கும். பார்க்கவே காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும் திரவத்துக்குள் ஒளி எத்தனை மில்லிமீட்டர் போகும்? ஓரத்தில் இருக்கும் துகள்களில் தடித்த உறை, நடுவில் இருப்பவற்றில் ஒன்றுமில்லை என்று முடியும். தங்கத் துகளும் லேசரும் சேர்ந்தால் கதை வேறு. தங்கம் 520 நானோமீட்டர் பக்கம் ஒளியை மிக வலுவாக உறிஞ்சும், லேசரை நுண்ணோக்கி வழியாக நன்றாகக் குவித்தால் ஒற்றைத் துகளே பத்துக் கணக்கான டிகிரி ஏறும். இதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் குவித்த புள்ளி மைக்ரோமீட்டர் அளவு. கண்ணாடித் தகட்டில் ஒட்டிய சில துகள்களுக்குச் சரி, அரை லிட்டர் திரவத்துக்கு எப்படிச் செய்வது?

அடுத்து, பலரும் கணக்கிலேயே சேர்க்காத போட்டியாளர்: நிலைக்காந்தம். காந்தத் துகள்களைத்தான் பூச வேண்டும் என்றால் அவற்றை முதலில் பிரித்தெடுத்து, தனியாக ஆயில் பாத்தில் பூசி, திரும்பவும் கலந்துவிடலாமே? நூறு நானோமீட்டர் அளவுத் திரள்கள் என்றால் ஒரு நியோடிமியம் காந்தத்தைக் குடுவைப் பக்கம் வைத்தாலே வந்து ஒட்டிக்கொள்ளும். 10 நானோமீட்டர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நன்றாகப் பிரிந்து மிதந்தால் கைக்காந்தம் போதாது, வெப்ப அசைவு அவற்றை வரவிடாது. அப்போது எஃகுப் பஞ்சு அடைத்த குழாயைக் காந்தப்புலத்தில் வைத்து அதன் வழியே திரவத்தை விட வேண்டும். அதுவும் காந்தச் சூட்டுக்கான மாற்றுப்புலக் கருவியைவிடச் சல்லிசு. காந்தச் சூடு பற்றிப் பேசும்போது இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத எந்தத் திட்டத்தையும் நான் நம்பமாட்டேன்: "பிரித்தெடுத்துப் பூசிவிட்டுத் திரும்பக் கலக்க ஏன் முடியாது?" இதற்கு நியாயமான பதில்கள் உண்டு. துகள்கள் ஒரு ஜெல்லுக்குள்ளோ சவ்வுக்குள்ளோ பதிந்திருக்கலாம், வெளியே எடுக்கவே முடியாது. துகள் ஒரு நொதியோடோ செல்லோடோ ஏற்கெனவே பிணைந்திருக்கலாம், பிரித்தாலும் இரண்டும் சேர்ந்தே வரும், ஆயில் பாத்தில் போட்டால் புரதம் வெந்துவிடும். இந்த மாதிரி இடங்களில் வெளியிலிருந்து தொடாமல், துகளில் மட்டும் சூட்டை உண்டாக்கும் வழி வேண்டும்.

சரி, காந்தச் சூடு உண்மையில் எப்படி வேலை செய்கிறது? சமையலறை இன்டக்‌ஷன் அடுப்போடு ஒப்பிடுவார்கள், வெளித்தோற்றத்தில் சரிதான், அங்கேயும் சுருள், இங்கேயும் சுருள். ஆனால் அடுப்பில் பாத்திரத்தின் அடிப்பாகத்தில் சுழல் மின்னோட்டம் ஓடிச் சூடாகிறது; 20 நானோமீட்டர் துகளுக்குள் அப்படி ஓட இடமில்லை. இங்கே துகளின் காந்தத் திசை புலத்தோடு சேர்ந்து திரும்பித் திரும்பி, கொஞ்சம் பின்தங்கும்போது ஆற்றல் வெப்பமாகக் கழிகிறது. திசை மட்டும் உள்ளே புரளலாம், அது நீல் வகை. துகளே உடலோடு சுழலலாம், அது பிரவுன் வகை. 2002-இல் காந்தத் திரவ ஆய்வாளர் ரோசன்ஸ்வைக் இதற்கு எழுதிய கணக்கை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். துகளின் அளவு இதில் உயிர்நாடி: மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடில் சுமார் 15 முதல் 25 நானோமீட்டர் வரை நன்றாகச் சூடேறும், 8 நானோமீட்டருக்குக் கீழே போனால் வழக்கமான புலங்களில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. கையில் இருப்பது கடையில் வாங்கிய 10 நானோமீட்டர் துகள் என்றால் கருவியைப் பற்றி யோசிக்கும் முன் துகளை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். இன்னொரு விஷயம், பாலிமர் உறை வளர வளரத் துகள் சுழல்வது கடினமாகும், பிரவுன் வகையை நம்பியிருந்தால் பாதி வேலையிலேயே சூடு குறையும். நீல் வகைத் துகளுக்கு இந்தக் கவலை இல்லை.

இனி முக்கியமான கேள்வி. ஒற்றைத் துகளின் மேற்பரப்பு சுற்றியுள்ள திரவத்தைவிட எவ்வளவு கூடுதலாகச் சூடாகும்? காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். 20 நானோமீட்டர் மேக்னடைட் துகள், கிராமுக்கு 500 வாட் வெப்பம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு துகளின் வெப்பத் திறன் ஏறத்தாழ ஒரு வாட்டில் கோடி கோடியில் ஒரு பங்கு. நீரில் அது உண்டாக்கும் வெப்பநிலை வித்தியாசம், வழக்கமான வெப்பக் கடத்தல் சமன்பாட்டின்படி, ஒரு டிகிரியில் கோடியில் ஒன்றிரண்டு பங்கு. அதுவும் நானோவினாடிக்குள் பரவிக் கரைந்துவிடும். ராபின் என்ற ஆய்வாளர் 2002-இலும் கெப்லின்ஸ்கியும் கூட்டாளிகளும் 2006-இலும் சொன்னது இதன் சாரத்தையே: ஒற்றை நானோதுகளைச் சுற்றி மட்டும் தனிச்சூடு என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் பரிசோதனை வேறு மாதிரி பேசியிருக்கிறது. 2013-இல் இத்தாலியின் ஜெனோவாவில் ரீடிங்கரும் பெல்லெக்ரினோவும் அவர்கள் குழுவும், சூட்டில் உடையும் ஏஸோ மூலக்கூறை வெவ்வேறு நீளக் கயிறுகளில் துகளோடு கட்டி, புலத்தில் வைத்து எவ்வளவு உடைகிறது என்று அளந்தார்கள். துகளின் மேற்பரப்பிலிருந்து அரை நானோமீட்டருக்குள் 45 டிகிரி வரை கூடுதல் சூடு இருப்பதாகவும், தூரம் கூடக் கூட அது மளமளவென்று இறங்குவதாகவும் முடிவு வந்தது. சமன்பாடு சொல்வதற்கும் இதற்கும் கோடிக்கணக்கான மடங்கு வித்தியாசம். உடையும் வேகத்தைச் சூடு மட்டும்தான் தீர்மானிக்கிறதா, மேற்பரப்பில் வெப்பக் கடத்தலே வேறு மாதிரி நடக்கிறதா என்ற விவாதம் இன்னும் அடங்கவில்லை. கருவி வாங்கும் முடிவுக்கு இதன் பொருள் நேரானது: ஒற்றைத் துகள் அளவில் தேர்ந்த சூடு கிடைக்கும் என்ற நம்பிக்கையின் மேல் மட்டும் பல லட்சத்தைக் கட்டாதீர்கள்.

அந்த 45 டிகிரி உண்மையாகவே கிடைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் ஆசை காட்டுவது இந்த எண்தான். ஏஐபிஎன் போன்ற ஏஸோ வகைத் தொடக்கி 65 டிகிரியில் பாதி உடைய 10 மணி நேரம் எடுக்கும், 82 டிகிரியில் ஒரு மணி நேரம் போதும். சூடு கூடக் கூட உடையும் வேகம் மடங்கு மடங்காகப் பெருகும் என்பதால், திரவம் 30 டிகிரியிலும் துகளின் மேற்பரப்பு 70 டிகிரியிலும் இருந்தால் மேற்பரப்பில் உடையும் வேகம் சுமார் 400 மடங்கு. அவ்வளவு வித்தியாசம் இருந்தால் தேர்ந்தெடுத்த பூச்சு நிச்சயம் கிடைக்கும். அப்போதும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது: ஏஸோ மூலக்கூறு உடையும்போது இரண்டு ராடிக்கல்கள் (பாலிமரைத் தொடங்கும் துடிப்பான துண்டுகள்) பிறக்கின்றன, ஒன்றுதான் துகளோடு கட்டப்பட்டது, மற்றது கரைப்பானுக்குள் ஓடிப்போய் அங்கே பாலிமரைத் தொடங்கும். அதனால் காந்தச் சூட்டோடு போனாலும் ராஃப்ட் காரணியைத் துகளின் மேல் கட்டி வைப்பதை விடாதீர்கள். நல்ல செய்தி ஒன்றும் உண்டு, சங்கிலி தொடங்கத்தான் பெரிய வெப்பத் தடை, வளர்வதற்குத் தடை மிகக் குறைவு, ஆகவே சங்கிலி நீண்டு சூடான பகுதியைத் தாண்டினாலும் வளர்ச்சி நின்றுவிடாது.

ஒற்றைத் துகளை விட்டுவிட்டுக் கூட்டமாகப் பார்த்தால் நிலைமை தலைகீழ். மேற்பரப்பின் கூடுதல் சூடு ஆரத்தின் இருபடிக்கு ஏற்ப ஏறும். அதே துகள்களை நெருக்கமாக அடைத்த ஒரு மைக்ரோமீட்டர் திரள் என்றால் இன்னும் ஒன்றுமில்லை, ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. 20 மைக்ரோமீட்டர் மணியில் சுமார் பத்தில் ஒரு டிகிரி. 0.2 மில்லிமீட்டர் மணியில் 14 டிகிரி பக்கம் வந்துவிடும், திரவம் ஓடிக் குளிர்வித்தாலும் பாதியாவது தங்கும். 10 டிகிரி கூடினால் ஏஐபிஎன் உடையும் வேகம் 4 மடங்கு ஆகும் என்பதால் இது வீண் இல்லை. இங்கே விவாதமே கிடையாது, சாதாரண இயற்பியல். காந்தத் துகள் நிரப்பிய மணிகள், சவ்வுகள், தடித்த படலங்கள் மேல் மட்டும் பாலிமர் வேண்டும், சுற்றியிருக்கும் கரைசல் குளிர்ந்தே இருக்க வேண்டும் என்றால் மாற்றுப்புலம் மற்ற எல்லாவற்றையும் முந்திவிடும். 2008-இல் ஹானோவரில் கிர்ஷ்னிங் குழு செய்ததும் இந்த வழியில் வந்ததே: காந்தத் துகள்களைக் குழாய் உலைக்குள் அடைத்து, வெளியிலிருந்து சுருளால் சூடாக்கி, உள்ளே ஓடும் திரவத்தில் கரிம வினைகளை நடத்திக் காட்டினார்கள். இந்த ஒரு பயன்பாட்டுக்காகவே நான் காந்தச் சூட்டுக்கு ஆதரவாக வாக்களிப்பேன்.

அப்புறம், மாற்றுப்புலத்தால் மட்டுமே முடிகிற இன்னொன்று இருக்கிறது. இரண்டு வகைக் காந்தத் துகள்கள், ஒன்று குறைந்த புல வலிமையிலும் அதிக அதிர்வெண்ணிலும் சூடாவது, மற்றது வலிமையான புலத்திலும் குறைந்த அதிர்வெண்ணிலும் சூடாவது. புலத்தை மாற்றி மாற்றி முதலில் இதை, பிறகு அதை என்று சூடாக்கலாம். 2014-இல் எம்ஐடி-யில் அனிகீவா குழு இதைக் காட்டியது. நிலைக்காந்தம் இரண்டையும் சேர்த்தே இழுத்துவிடும், ஆயில் பாத்துக்கு இரண்டும் ஒன்று. ஒரே குடுவையில் இரண்டு வகை மணிகளுக்கு இரண்டு வேறு பாலிமர்கள் பூச வேண்டிய தேவை உங்களுக்கு இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், சுருள் வாங்குங்கள்.

வாங்குவதாக முடிவு செய்தால் கவனிக்க வேண்டியவை. திரவம் முழுவதும் சூடாவதே முதல் எதிரி: மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் துகள், கிராமுக்கு 500 வாட் என்றால் மில்லிலிட்டருக்கு 2.5 வாட், நீர் வினாடிக்கு 0.6 டிகிரி வீதம் ஏறும், ஒரு நிமிடத்தில் 36 டிகிரி. டொலுவீன் இன்னும் வேகமாக ஏறும். குளிர்விக்கும் இரட்டைச் சுவர்க் குடுவை இல்லாவிட்டால் நீங்கள் வாங்கியது விலை உயர்ந்த ஆயில் பாத். சுருளுக்கும் தனியாகக் குளிர்நீர் வேண்டும். வெப்பநிலையை ஒளியிழை உணரியால் அளக்க வேண்டும், உலோகத் தெர்மோகப்பிள் புலத்தில் தானே சூடாகிப் பொய்யான எண் காட்டும். உலோகக் கிளறி, உலோகத் தாங்கி எதுவும் பக்கத்தில் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. காந்தச் சூட்டைப் பயன்படுத்தும் புற்றுநோய்ச் சிகிச்சையில் புல வலிமையும் அதிர்வெண்ணும் பெருகினால் வரும் எண்ணுக்கு ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள், உடலில் சுழல் மின்னோட்டம் ஓடும் என்பதற்காக. குடுவைக்கு அந்த வரம்பு பொருந்தாது, ஆகவே மருத்துவக் கட்டுரைகளில் வரும் மிதமான புலங்களோடு நின்றுவிட வேண்டியதில்லை. அதிகமாகச் சூடாகிவிடும் என்ற பயம் இருந்தால் கியூரி வெப்பநிலை குறைவான துகளைத் தேர்ந்தெடுக்கலாம். மேக்னடைட்டுக்கு அது 585 டிகிரி, நமக்கு உதவாது, துத்தநாகம் கலந்த ஃபெரைட்டுகளில் (இரும்போடு வேறு உலோகமும் சேர்ந்த ஆக்சைடுகள்) அதை வெகுவாகக் கீழே கொண்டுவர முடியும். அந்த வெப்பநிலையை நெருங்கியதும் துகள் காந்தத்தன்மையை இழந்து தானாகவே சூடாவதை நிறுத்திக்கொள்ளும்.

வாங்காமலேயே சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. ஹைபர்தெர்மியா (சூட்டால் புற்றுநோய்க்குச் சிகிச்சை) ஆய்வு செய்யும் இடங்கள் பலவற்றில் இந்தச் சுருள்கள் ஏற்கெனவே இருக்கின்றன. தமிழ்நாட்டில் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலிருந்து காந்தத் திரவங்களின் சூடேற்றம் பற்றிப் பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. இப்படிப்பட்ட ஒரு குழுவோடு பேசி ஓரிரு நாள் கருவி நேரம் வாங்கினால் முடிவெடுக்கத் தேவையான எல்லாத் தகவலும் கிடைத்துவிடும், ஆனால் சரியான ஒப்பீட்டுச் சோதனைகளோடு போக வேண்டும். ஒரே தொடக்கியைக் கட்டிய காந்தத் துகளையும் சிலிக்காத் துகளையும் ஒரே குடுவையில் கலந்து, திரவத்தின் வெப்பநிலையைக் குளிர்நீரால் நிலையாகப் பிடித்துக்கொண்டு புலத்தைப் போடுங்கள். அதே கலவையை அதே திரவ வெப்பநிலையில் புலமில்லாமல் வெறும் வாட்டர் பாத்தில் அதே நேரம் வையுங்கள். துகளே இல்லாமல் மோனோமரையும் தொடக்கியையும் மட்டும் புலத்தில் வைப்பதையும் விட்டுவிடாதீர்கள். முடிந்ததும் காந்தத்தால் இரண்டு வகைத் துகள்களையும் பிரித்து, நன்றாகக் கழுவி, டிஜிஏ-வில் (சூடாக்கிக்கொண்டே எடையை அளக்கும் கருவி) தனித்தனியாகச் சூடாக்கி எவ்வளவு எடை குறைகிறது என்று பாருங்கள். மேலே தெளிந்து நிற்கும் திரவத்தில் தனிப் பாலிமர் எவ்வளவு என்பதையும் அளவிடுங்கள். புலத்தில் வைத்த காந்தத் துகளில் மட்டும் எடை இழப்பு தெளிவாகக் கூடி, சிலிக்காவில் வாட்டர் பாத் அளவே இருந்தால் கருவிக்கு மனு எழுதுங்கள். இரண்டிலும் ஒரே அளவு கூடியிருந்தால் திரவம்தான் சூடாகியிருக்கிறது, அந்தப் பணத்தில் நல்ல சென்ட்ரிஃப்யூஜ் ஒன்றும் எஃகுப் பஞ்சுக் குழாய் ஒன்றும் வாங்கலாம்.